சுங்கை நிப்பாவில் பிடிபட்ட கிருமி

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் சிலர் கடுமையான காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்று தொடங்கிய நோய், சில நாள்களில் அவர்களை மயக்கத்தில் ஆழ்த்தியது. சிலருக்குக் கைகால்கள் விட்டு விட்டுத் துடித்தன. சிலருக்கு மூச்சுவிட இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது. இறந்தவர்களும் உண்டு. மூளை அழற்சி என்பதில் மருத்துவர்களுக்கு ஐயம் இல்லை. அதை உண்டாக்கிய கிருமி எது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை முன்பே தெரிந்ததுபோல் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மலேசியாவுக்குப் புதியதன்று. அந்நோயின் வைரஸ் பன்றியின் உடலில் பெருகும். கொசுவின் வழியாக மனிதனை வந்தடையும். பண்ணைகளில் பன்றிகள் இருந்தன, சுற்றுப்புறத்தில் கொசுக்கள் இருந்தன, நோயாளிகளுக்கு மூளைக்காய்ச்சல் இருந்தது. போதாததற்கு, நோயாளிகள் சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருளும் காணப்பட்டது. ஆகவே, அதிகாரிகள் அந்த முடிவுக்கு வந்ததில் வியப்பு இல்லை. கொசுப்புகை அடிக்கப்பட்டது. பண்ணையாளர்களுக்கும் சுற்றுவட்டாரத்தாருக்கும் தடுப்பூசி போடப்பட்டது.

நோய் அடங்கவில்லை.

பொருந்தாத செய்திகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே படுக்கையில் கிடந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரையும் அது கடிக்கும். ஆனால், பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டுமே நோய் வந்தது. பன்றியின் பக்கமே போகாத அண்டை வீட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிலும் சிலர் நோயுற்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்ட பன்றி, சினைப்பன்றியாக இருந்தால் கருச்சிதைவு ஏற்படலாம். மற்றபடி அது நலமாகவே திரியும். ஈப்போ பண்ணைகளில் இருந்த பன்றிகளோ நாய் குரைப்பதைப் போன்ற உரத்த இருமலோடு மூச்சுத் திணறின. அந்த இருமல் வெகுதூரம் கேட்குமாம். சில தாய்ப்பன்றிகள் திடீரென்று விழுந்து இறந்தன. பண்ணை நாய்களும் நோயுற்றன.

இந்தச் செய்திகளைக் கால்நடை மருத்துவர் ஒரு பக்கமும் மனித மருத்துவர் மறு பக்கமும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்தவரை உண்மை புலப்படவில்லை. பன்றிகளில் இறப்பு விகிதம் மிகக் குறைவு. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இருமல் என்பது பண்ணையில் அடிக்கடி வருவதுதானே என்று அதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. மனிதனைக் கொல்லும் நோயும் பன்றியை இருமச் செய்யும் நோயும் ஒன்றே என்று யாருக்கும் தோன்றவில்லை.

தவறான நோயறிதலின் விலை பெரிது. கொசுதான் காரணம் என்றால் பன்றியை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோவதில் ஆபத்து எதுவும் தெரியாது. பேராக்கில் அச்சம் பரவியதும் பண்ணையாளர்கள் தங்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றுத் தீர்த்தார்கள். லாரிகள் அவற்றைத் தெற்கே ஏற்றிச் சென்றன. அவற்றோடு கிருமியும் பயணம் செய்தது. 1998 இறுதியில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கு அருகிலுள்ள சிக்காமட்டில் நோய் தலைகாட்டியது. அடுத்துப் போர்ட் டிக்சன் வட்டாரத்தின் புக்கிட் பெலாண்டோக்கில் அது வெடித்தது. நாட்டிலேயே பன்றிப் பண்ணைகள் மிக நெருக்கமாக இருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மருத்துவமனைக் கட்டில்கள் நிரம்பின. பண்ணை முதலாளிகளான சீனர்களும் அவர்களிடம் வேலை செய்த இந்தியர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அக்கட்டில்களில் கிடந்தார்கள்.

அந்த நாள்களில் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில், நோயாளிகளின் தண்டுவட நீர் அவருடைய ஆய்வகத்துக்கு வந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்தத் தெளிந்த நீரில், மூளையைத் தாக்கிய கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வைரஸ் மிக மிகச் சிறியது. சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. பாக்டீரியாவைப் போல் உணவுக் கூழில் அது வளரவும் வளராது. உயிருள்ள உயிரணு ஒன்றுக்குள் புகுந்தால்தான் அதனால் பெருக முடியும். அதனால், ஆய்வாளர்கள் கண்ணாடி அல்லது நெகிழிக் குடுவையில் உயிரணுக்களை வளர்க்கிறார்கள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1960களில் பிரித்தெடுக்கப்பட்ட ஒருவகை உயிரணு, உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுகிறது. ‘வெரோ’ என்பது அதன் பெயர். குடுவையின் அடியில் அந்த உயிரணுக்கள் தரையில் பதித்த ஓடுகளைப் போல் ஒன்றையொன்று ஒட்டி ஒரே படலமாக வளரும். அதன் மேல் நோயாளியின் தண்டுவட நீரில் சில துளிகளை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வைரஸைப் பார்க்க முடியாவிட்டாலும் அது உயிரணுக்களுக்குச் செய்யும் கேட்டைப் பார்க்கலாம். திருடனைக் காணாவிட்டாலும் உடைந்த பூட்டைக் காண்பதுபோல.

ஐந்தாம் நாள் அந்தப் பூட்டு உடைந்திருந்தது. சுவா நுண்ணோக்கியில் பார்த்தபோது, தனித்தனியாக இருந்த உயிரணுக்கள் சுவர் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஒரே உறைக்குள் பல உட்கருக்களைக் கொண்ட பெரிய உருவங்கள் குடுவையில் ஆங்காங்கே தெரிந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இத்தகைய வேலையைச் செய்வதில்லை. உயிரணுக்களை இவ்வாறு இணைத்துவிடுவது வேறொரு குடும்பத்தின் வழக்கம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் வைரஸ்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நாடு முழுவதும் ஒரு முடிவை ஏற்றுக்கொண்டு கொசுவோடு போராடிக்கொண்டிருந்தபோது, ஒரு குடுவையை ஆதாரமாகக் காட்டி ‘இது வேறு’ என்று சொல்வது எளிதன்று. ஆய்வகத்தில் கலப்படம் நேர்ந்திருக்கலாம் என்று யாரும் சொல்லக்கூடும். சுவா மேலும் உறுதியான சான்றைத் தேடினார். மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். அவர் முதலில் சென்ற இடம், அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கொலராடோ மாநிலத்தில் நடத்தும் ஆய்வகம். கொசு, உண்ணி போன்றவற்றால் பரவும் நோய்களை ஆராய்வதற்கென்றே அமைந்த ஆய்வகம் அது! கொசுவின் பெயரால் போன இடத்தில்தான் கொசு குற்றமற்றது என்பது வெளியாயிற்று. அங்கிருந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸின் உருவம் தெரிந்தது. அது தட்டம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது, கொசுவால் பரவாதது. சுவா உடனே மலேசியாவுக்குச் செய்தி அனுப்பினார்.

அட்லாண்டா நகரிலுள்ள தலைமை ஆய்வகத்தில் நடந்த சோதனைகள் மற்றோர் உறவையும் காட்டின. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்னும் புறநகரில் குதிரைகள் பலவும் அவற்றைப் பயிற்றுவித்தவரும் ஒரு புதிய வைரஸால் இறந்தார்கள். மலேசிய வைரஸ் அந்த ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவினன். ஆனால், அதுவே அன்று. உலகம் இதுவரை அறியாத ஒரு கிருமி. அது பிரித்தெடுக்கப்பட்ட நோயாளி புக்கிட் பெலாண்டோக் பகுதியிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர் என்பதால், அதற்கு ‘நிப்பா’ என்று பெயர் வைக்கப்பட்டது. தமிழ்நாட்டு நாளேடுகள் அதை ‘நிபா’ என்று எழுதுகின்றன. நிப்பா என்பது உண்மையில் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனை. அதன் ஓலைதான் அத்தாப்புக் கூரையாகிறது. அதன் காய்தான் ஐஸ் கச்சாங்கில் ‘அத்தாப் சீ’ என்று இனிக்கிறது. ஒரு நல்ல மரத்துக்கு இப்படியொரு பெயர்ப்பழி நேர்ந்தது.

பகை யார் என்று தெரிந்ததும் போரின் முறை மாறியது. கொசுப்புகையைவிடப் பன்றிகளிடமிருந்து மனிதர்களை விலக்குவதே இப்போது முதல் வேலை. பன்றிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவது தடைசெய்யப்பட்டது. நோய் கண்ட பகுதிகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இராணுவ வீரர்களும் கால்நடைத் துறை ஊழியர்களும் காவல்துறையினரும் பாதுகாப்பு உடையணிந்து பண்ணைகளுக்குள் நுழைந்தார்கள். 1999 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 26 வரை 896 பண்ணைகளில் 901,228 பன்றிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. அதன் பிறகும் ஆபத்து முழுமையாக நீங்கவில்லை. எந்தப் பண்ணையிலாவது கிருமி ஒளிந்திருக்கிறதா என்பதைக் கண்டறிய, பன்றிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை நாடு முழுவதும் நடந்தது. ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகமும் ஆஸ்திரேலியாவின் விலங்கு நல ஆய்வகமும் அதில் கைகோத்தன. மேலும் 50 பண்ணைகளில் தொற்று இருந்தது தெரியவந்தது, அப்பன்றிகளும் அழிக்கப்பட்டன. மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள்.

எண்ணாகச் சொன்னால் அது ஒரு வரிதான். இரண்டு தலைமுறை உழைப்பில் உருவான பண்ணையை ஒரே நாளில் இழந்தவர்களுக்கு அது ஒரு வரியன்று. கணவனை மருத்துவமனையில் விட்டுவிட்டு, பன்றிகளைச் சுடும் ஓசையைத் தொலைவிலிருந்து கேட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பு மீண்டும் தலையெடுக்கவில்லை.

சிங்கப்பூரும் தப்பவில்லை. 1999 மார்ச் மாதத்தில், மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். இறக்குமதி உடனே நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் அங்கே புதிய நோயாளிகள் இல்லை. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர் என்றும் இறந்தோர் 105 பேர் என்றும் கணக்கிடப்பட்டது. ஐந்து பேரில் இருவர் உயிரிழந்தார்கள் என்பது இதன் பொருள்.

ஒரே வைரஸ் பன்றியை இருமவைத்ததும் மனிதனின் மூளையைச் சிதைத்ததும் ஏன்? இந்தப் புதிருக்கு விடை, நோய் ஓய்ந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு உயிரணு ஆய்விலிருந்து கிடைத்தது. வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால், அந்த உயிரணுவின் மேற்பரப்பில் அதற்கு ஏற்ற பிடிமானம் ஒன்று இருக்க வேண்டும். பூட்டுக்கேற்ற சாவி என்று பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும் உவமை இங்கு நன்றாகவே பொருந்தும். நிப்பா பற்றிக்கொள்ளும் பூட்டு ‘எஃப்ரின் பி2’ என்னும் புரதம் என்பதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கரு வளரும்போது இரத்தக் குழாய்களும் நரம்புகளும் சரியான இடத்தில் அமைய உதவுவது இந்தப் புரதம். உடலுக்கு இன்றியமையாத அதே புரதத்தை வைரஸ் தனக்கு வாசலாக்கிக்கொண்டது. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பு உயிரணுக்களிலும் அது மிகுதியாக இருக்கிறது. அடுத்த ஆண்டில் ‘எஃப்ரின் பி3’ என்னும் இரண்டாவது பூட்டும் தெரியவந்தது. அது மூளைத்தண்டில் இருக்கிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் பகுதி அதுதான். நோயாளிகளுக்கு இதயம் படபடத்ததும் இரத்த அழுத்தம் ஏறியதும் மூச்சு நின்றதும் ஏன் என்பது இப்போது விளங்குகிறது.

வைரஸின் மேல் இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. ஒன்று பூட்டைப் பற்றும். மற்றொன்று வைரஸின் உறையையும் உயிரணுவின் உறையையும் இணைத்து வழி திறக்கும். உள்ளே சென்ற வைரஸ் அதே புரதங்களை அந்த உயிரணுவைக் கொண்டே உற்பத்தி செய்யவைக்கிறது. அவை உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்ததும் பக்கத்து உயிரணுவையும் பற்றி இழுத்து இணைத்துவிடுகின்றன. சுவா குடுவையில் கண்ட பெரிய உருவங்கள் இவ்வாறு உண்டானவையே. பன்றியின் மூச்சுக்குழாயில் இது நிகழும்போது, சிதைந்த உயிரணுக்கள் சளியோடு கலந்து இருமலில் வெளியேறுகின்றன. பக்கத்தில் நிற்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் தொற்று பரவுகிறது. மனித மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் இது நிகழும்போது, குழாயின் உட்சுவர் சிதைந்து இரத்தம் உறைகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த சிறு பகுதிக்கு உயிர்வளி கிடைக்காமல் போகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் நோயாளிகளின் மூளையெங்கும் சில மில்லிமீட்டர் அளவிலான வெண்புள்ளிகள் தூவினாற்போல் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறிய பக்கவாதம் என்று சொல்லலாம்.

கோலாலம்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 94 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களில் 30 பேர் இறந்தார்கள். 50 பேர் முழுமையாகத் தேறினார்கள். எஞ்சிய 14 பேருக்கு நரம்புக் குறைபாடுகள் நிலைத்துவிட்டன. இந்தப் பதினால்வரைப் பற்றிச் செய்திகள் அதிகம் பேசவில்லை. நோய் பரவுவது நின்றதும் செய்தியாளர்கள் போய்விடுகிறார்கள். மூளையில் காயப்பட்டவரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

இறந்துபோன நரம்பு உயிரணு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஆனால், உயிரோடு இருக்கும் உயிரணுக்கள் தமக்குள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள முடியும். ஒரு பாலம் உடைந்தால் வண்டிகள் சிற்றூர்ப் பாதைகளைத் தேடிச் செல்வதைப்போல, மூளையும் மாற்றுப் பாதைகளைத் தேடுகிறது. அந்தப் பாதை தானாக அகலமாகிவிடாது. மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால்தான் அகலும். மறுவாழ்வுச் சிகிச்சை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. இயன்மருத்துவர் ஒருவர் நோயாளியை எழுப்பி உட்காரவைக்கிறார். பிறகு நிற்க, பிறகு நான்கு அடி நடக்கப் பழக்குகிறார். சட்டைப் பொத்தானைப் போடுவது, கரண்டியைப் பிடிப்பது, சாவியைத் திருப்புவது என அன்றாட வேலைகளை மற்றொருவர் பயிற்றுவிக்கிறார். பேசவும் விழுங்கவும் பயிற்சி தருபவர் வேறொருவர். ஒரே அசைவை நூறு முறை செய்வது சலிப்பூட்டும் வேலை. பண்ணையில் விடியலில் எழுந்து நூற்றுக்கணக்கான பன்றிகளுக்குத் தீனி வைத்தவருக்கு, ஒரு தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்குவது அன்றைய நாளின் முழு உழைப்பாக அமையும்.

வெளியே தெரியாத காயங்களும் உண்டு. நிப்பாவிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்தவர்கள் மனச்சோர்வு, நீங்காத களைப்பு, கவனக்குறைவு, மறதி ஆகியவற்றை அவர்களிடம் கண்டார்கள். நடக்கிறார், பேசுகிறார், பார்ப்பதற்கு நலமாக இருக்கிறார். ஆனால், சொன்னதை மறந்துவிடுகிறார், சிறிய செயலுக்கும் எரிந்து விழுகிறார். ‘முன்பு இப்படி இல்லை’ என்று வீட்டார் வருந்துவார்கள். அது குணக்கேடு அன்று, மூளைக்காயம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் மறுவாழ்வுச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நிப்பா இன்னொரு கொடுமையையும் வைத்திருந்தது. உயிர் பிழைத்த 160க்கும் மேற்பட்டோரை மலேசிய நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். அவர்களில் 12 பேருக்கு மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது. சராசரியாக எட்டு மாதங்கள் கழிந்த பின்னர்! முதலில் அறிகுறியே இல்லாமலோ லேசான காய்ச்சலோடோ தப்பியவர்கள் சிலரும் பிற்பாடு நோயுற்றார்கள். ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டு 11 ஆண்டுகளுக்குப் பிறகு மூளைக்காய்ச்சல் வந்ததாக மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது. மூளைக்குள் ஒளிந்துகொள்ளும் இந்த ஆற்றல் அதன் உறவினனான தட்டம்மை வைரஸுக்கும் அரிதாக உண்டு. மருந்தைப் பொறுத்தவரை, அந்த அவசரத்தில் ‘ரிபாவிரின்’ என்னும் மருந்து 140 நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அது பெறாதவர்களைக் காட்டிலும் அவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால், பின்னர் விலங்குகளில் செய்த சோதனைகளில் அம்மருந்து கைகொடுக்கவில்லை.

இனி முதல் கேள்விக்கு வரலாம். பன்றிக்கு இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? ஹெண்ட்ரா வைரஸின் உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்பது ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மலேசியப் பழந்தின்னி வௌவால்களின் இரத்தத்திலும் நிப்பாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால், வைரஸையே பிடித்துக் காட்டினால்தான் ஐயம் தீரும். வௌவாலைப் பிடித்து ஆராய்வது கடினம். சுவாவும் அவருடைய குழுவினரும் வேறு வழியை நாடினார்கள். தியோமான் தீவில் வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும் மரங்களுக்கு அடியில் இரவில் நெகிழி விரிப்புகளை விரித்தார்கள். விடியலில் வௌவால்கள் இரைதேடித் திரும்பி வந்து சிறுநீர் கழித்தபோது, விரிப்பின் மேல் விழுந்த துளிகளைச் சேகரித்தார்கள். அவை கடித்துப் போட்ட ஜம்பு பழங்களையும் பொறுக்கினார்கள். சிறுநீரிலும் ஒரு பழத்தின் பல் பதிந்த இடத்திலும் நிப்பா வைரஸ் இருந்தது. விலையுயர்ந்த கருவிகளைவிட ஒரு நெகிழி விரிப்பு அங்கே பெரிய வேலை செய்தது.

வௌவால்கள் திடீரென்று பண்ணைகளுக்கு வந்தது ஏன் என்பதற்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் இந்தோனேசியக் காட்டுத்தீயால் வானத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தது. காடுகளில் பழங்கள் அரிதாயின. பசித்த வௌவால்கள் தோட்டங்களை நாடின. கேட்பதற்கு இயல்பான கதை. ஆனால், 2011இல் வெளிவந்த விரிவான ஆய்வு வேறோர் இடத்தைச் சுட்டிக்காட்டியது. நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பேராக் பண்ணையில், பன்றிக் கொட்டடிகளின் அருகிலேயே மாமரங்கள் நடப்பட்டிருந்தன. இடத்தை வீணாக்காமல் இரட்டை வருமானம் பெறும் ஏற்பாடு அது. மாம்பழத்தைத் தேடி வந்த வௌவால்கள் கடித்த பழங்களைக் கீழே போட்டன. பன்றிகள் அவற்றைத் தின்றன. முதல் முறை வந்த தொற்று சில காலத்தில் தானாக ஓய்ந்திருக்கும். அதிலிருந்து மீண்ட பன்றிகளுக்கு எதிர்ப்பாற்றல் கிடைத்தது. மீண்டும் ஒரு முறை வைரஸ் வந்தபோது, எதிர்ப்பாற்றல் உள்ளவையும் இல்லாத குட்டிகளும் கலந்திருந்த அந்தப் பெரிய பண்ணையில் அது வேகமாக எரிந்து அணையாமல், மெதுவாகக் கனன்றுகொண்டே இருந்தது. அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகள் அதை வெளியே கொண்டுசென்றன. புகைமூட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு மாமரத்தை எங்கே நடுவது என்பதும் பொதுச் சுகாதாரக் கேள்விதான் என்று அந்த ஆய்வு காட்டியது. இப்போது மலேசியாவில் பன்றிக் கொட்டடிகளுக்கு அருகில் பழமரங்களை வளர்ப்பதில்லை.

1999க்குப் பிறகு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிப்பா நோய் மனிதர்களிடம் தோன்றவில்லை. பங்களாதேஷில் 2001 முதல் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. அங்கே பன்றிக்கு வேலையில்லை. ஈச்ச மரத்தில் கட்டிய பானையில் இரவில் வௌவால்கள் வாய் வைக்கின்றன. காலையில் மக்கள் அந்தப் பதநீரைக் காய்ச்சாமல் குடிக்கிறார்கள். அங்கு நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவுகிறது. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் 2018இல் பரவியபோது, நோயாளியைக் கவனித்த தாதி லினி புதுச்சேரி தொற்றுக்கு உள்ளாகி உயிர்நீத்தார்.

ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ராவுக்கு எதிராகக் குதிரைகளுக்கான தடுப்பூசி 2012இல் பயன்பாட்டுக்கு வந்தது. குதிரைக்கு நோய் வராமல் தடுத்தால் மனிதனுக்கும் வராது என்பது அதன் எளிய கணக்கு. மனிதர்களுக்கான நிப்பா தடுப்பூசி ஒன்றின் முதல் சோதனையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் தொடங்கியது. வைரஸ் எந்தப் புரதத்தால் உயிரணுவைப் பற்றுகிறதோ, அதே புரதத்தை உடலுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்வது இவ்விரண்டு தடுப்பூசிகளின் அடிப்படையும் ஆகும்.

நோயைச் சுமக்கும் வௌவால்களை அழித்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. தியோமான் தீவில் இரவில் படமெடுக்கும் கருவிகளை மரங்களில் பொருத்தி, மலேசிய ஆய்வாளர்கள் அதே இனப் பழந்தின்னி வௌவால்களைக் கவனித்தார்கள். அந்த வௌவால்கள் டுரியான் பூக்களிலிருந்து தேன் குடித்தன. பூக்களைச் சிதைக்காமல் ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுசென்றன. அவை வந்துபோன பூக்கள் காய்த்தன. அந்தத் தீவின் தெக்கேக் கிராமத்து மரங்களில் அவை இப்போதும் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கீழே மக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.